ஆப்பிள் டூ-இ கணினியில் /ரேம் தெரியவில்லையா? சிப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

'கேட்லாக் /ரேம்' என்று தட்டினால் 119 பிளாக் காலி, 8 பிளாக் பயன்பாட்டில், மொத்தம் 127 என்று திரையில் வர வேண்டும். 64 கிலோபைட் துணை நினைவகக் கார்டு உள்ள ஆப்பிள் டூ-இ-யில் புரோடாஸ் இயங்குதளம் தானாகவே உருவாக்கித் தரும் ரேம் டிஸ்க் அது, அதாவது டிஸ்கெட் போல நடந்துகொள்ளும் நினைவகப் பகுதி. அதற்குப் பதிலாக 'பாத் நாட் ஃபவுண்ட்' என்று வந்துவிட்டால், மெமரி போய்விட்டது என்று முடிவு கட்டி எட்டு சிப்பையும் மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டு அலமாரியிலோ பள்ளிக்கூட ஸ்டோரிலோ முப்பது ஆண்டுகள் கிடந்து வெளியே வரும் கணினிகளில் சிப்பைவிடக் கார்டின் விளிம்பும் சாக்கெட்டும்தான் முதலில் கெட்டிருக்கும்.

இங்கே கட்டளைகளையும் மாறிகளையும் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள். பீக் என்றால் ஒரு முகவரியில் இருப்பதைப் படிப்பது, போக் என்றால் அதில் எழுதுவது. எண்கள் எல்லாம் தசம எண்கள். இந்தக் கணினியின் நிரல்மொழியான ஆப்பிள்சாஃப்ட் பேசிக் அதைத்தான் கேட்கும்.

முதலில், டிஸ்கெட்டில் இருப்பது புரோடாஸ்தானா என்று பாருங்கள். அதற்கு முந்தைய இயங்குதளமான டாஸ் 3.3-க்கு /ரேம் என்றால் என்னவென்றே தெரியாது. புரோடாஸ் 2.0 முதல் 2.0.3 வரையிலான பதிப்புகளுக்கு 65சி02 செயலி வேண்டும். 1983-இல் வந்த பழைய டூ-இ-யில் 6502 இருப்பதால் அதற்கு 1.9 அல்லது 2016-இல் வந்த 2.4 எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. சாதாரண ஸ்லாட்டில் செருகும் பெரிய மெமரி கார்டு வேறு, துணை ஸ்லாட்டில் செருகும் கார்டு வேறு. முதல் வகை /ரேம்4 என்பதுபோல் ஸ்லாட் எண்ணோடு தெரியும். இந்தக் குறிப்பு இரண்டாம் வகைக்கு மட்டும்.

கணினி என்ன நினைக்கிறது என்று அதனிடமே கேளுங்கள்

புரோடாஸ் தொடங்கும்போது நினைவகத்தை அளந்து, முடிவை 49048 என்ற முகவரியில் எழுதி வைக்கும். 'பிரிண்ட் பீக்(49048)' என்று கேளுங்கள். 178 வந்தால் 128 கிலோபைட் இருப்பதாகக் கணினி ஒப்புக்கொள்கிறது. கடிகாரக் கார்டும் இருந்தால் 179. 162 அல்லது 163 வந்தால் 80 நெடுவரிசைக் கார்டு தெரிகிறது, ஆனால் மொத்தம் 64 கிலோபைட்தான் என்று எண்ணுகிறது. 160 அல்லது 161 என்றால் துணை ஸ்லாட்டில் ஒன்றுமே இல்லை என்பது அதன் முடிவு.

அடுத்தது சாதனப் பட்டியல்:

ஃபார் ஐ = 48946 டு 48946 + பீக்(48945) : பிரிண்ட் பீக்(ஐ) : நெக்ஸ்ட்

ஸ்லாட் 6-இல் உள்ள டிஸ்க் டிரைவுகள் 96, 224 என்று வரும். /ரேம் இருந்தால் 191 வரும். சில கூட்டமைப்புகளில் அது 179, 183, 187 என்றும் வரலாம். நான்குமே ஸ்லாட் 3, டிரைவ் 2-ஐத்தான் குறிக்கின்றன.

இந்த இரண்டு பதிலும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 178 வருகிறது, பட்டியலில் 191 இல்லை என்றால் வன்பொருளைத் தொடாதீர்கள். துணை நினைவகத்தைத் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நிரல் ஏதோ /ரேமைக் கழற்றிவிட்டிருக்கிறது. இரட்டை உயர்தெளிவுப் படம் வரையும் நிரல்கள் பல இப்படிச் செய்யும்; பல டிஸ்கெட்டுகளில் ஸ்டார்ட்அப் நிரலே இதைச் செய்துவிடும். அத்தகைய நிரல் இல்லாத, வெறும் புரோடாஸும் பேசிக்.சிஸ்டமும் மட்டும் உள்ள டிஸ்கெட்டில் மறுபடி ஏற்றுங்கள், /ரேம் வந்துவிடும். சோதனைக்கென்று அப்படி ஒரு டிஸ்கெட்டைத் தனியாக எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

178-உம் வந்து 191-உம் இருந்து, கேட்லாக் மட்டும் வராவிட்டால், அல்லது பதித்த கோப்பு கெட்டுப்போய்த் திரும்பினால், நினைவகம் இருக்கிறது, நோயோடு இருக்கிறது. 160-களில் எண் வந்தால் கார்டு கண்டுபிடிக்கப்படவில்லை, அல்லது வேறொன்றாகத் தவறாக எண்ணப்பட்டிருக்கிறது. இந்த 'வேறொன்றாக' என்பதைத்தான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

கண்டுபிடிப்பு நடக்கும் விதம்

ஆப்பிள் டூ-இ-க்கு இரண்டு விதமான 80 நெடுவரிசைக் கார்டுகள் வந்தன. ஒன்றில் 1 கிலோபைட் மட்டும், எழுத்துகளைக் காட்டப் போதுமான அளவு. இன்னொன்று விரிவுபடுத்தப்பட்ட கார்டு, அதில் 64 கிலோபைட். முன்னதில் முகவரிக் கம்பிகளில் கீழ் பத்து மட்டும்தான் பொருட்படுத்தப்படும். அதனால் அதே 1 கிலோபைட்டுதான் 64 கிலோபைட் வெளி முழுக்கத் திரும்பத் திரும்பத் தெரியும்.

இதைப் பிரித்தறியப் புரோடாஸ் செய்வது இவ்வளவுதான். துணை நினைவகத்தின் 3072-ஆம் முகவரியில் 238 என்று எழுதுகிறது, திரும்பப் படிக்கிறது. பிறகு அதை ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்துகிறது. 238 இப்போது 220 ஆகிறது. மறுபடி படித்துப் பார்க்கிறது. இரண்டும் சரியாக வந்தால் ஏதோ ஒரு நினைவகம் உண்டு. அடுத்து, சரியாக 1024 தள்ளி இருக்கும் 2048-ஐப் பார்க்கிறது. அங்கேயும் அதே 220 நின்றால் இது 1 கிலோபைட் கார்டு என்று முடிவு செய்து, ரேம் டிஸ்க் அமைக்காமல் போய்விடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, 64 கிலோபைட் கார்டின் முகவரித் தொடுமுனை ஒன்றில் பச்சை பிடித்து 1024-க்கான தடம் அறுந்தால் போதும், நல்ல கார்டையும் கணினி 1 கிலோபைட் கார்டு என்று எண்ணிவிடும். 'பிஆர்#3 போட்டால் 80 நெடுவரிசை வருகிறது, ரேம் டிஸ்க் மட்டும் வரவில்லை' என்ற புகாரில் இதை முதலில் சந்தேகியுங்கள். (கார்டு உண்மையிலேயே 1 கிலோபைட் வகையாக இருக்கவும் வாய்ப்புண்டு. கார்டில் 4164 வகை சிப்புகள் எட்டு வரிசையாகவோ, பிற்காலச் சிறிய கார்டானால் இரண்டு பெரிய சிப்புகளாகவோ இருக்கின்றனவா என்று எண்ணிவிடுங்கள்.)

இரண்டாவது, கணினி ஒப்புக்கொண்டுவிட்டது என்பதால் நினைவகம் நலம் என்று பொருளில்லை. அது பார்த்தது ஓரிரு இடம்தான், அதிலும் எல்லா பிட்டையும் பார்க்கவில்லை. 238, 220 இரண்டும் இரட்டைப்படை எண்கள். கடைசி பிட் இரண்டிலும் சுழியம். அந்தப் பிட்டுக்குரிய சிப் எப்போதும் சுழியத்தையே தந்தாலும் சோதனை தேறிவிடும். 191 பட்டியலில் நிற்கும், ஆனால் /ரேமின் பெயரே கெட்டுப்போய்ச் சேமிக்கப்படுவதால் கேட்லாக் வராது.

கண்ணால் பார்க்கும் சோதனை

எந்த நிரலும் எழுதுமுன் பிஆர்#3 போட்டு 80 நெடுவரிசைக்குச் சென்று, ஏ எழுத்தை மட்டும் இரண்டு வரி நிரம்ப அடியுங்கள். இந்தத் திரையில் இடப்பக்க முதல் நெடுவரிசை துணை நினைவகத்திலிருந்து வருகிறது, அடுத்தது முதன்மை நினைவகத்திலிருந்து, பிறகு மறுபடி துணை. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று. துணை நினைவகத்தின் கடைசி பிட் போயிருந்தால், முதல், மூன்றாம், ஐந்தாம் இடங்களில் ஏ-க்குப் பதில் மின்னஞ்சல் முகவரிகளில் வரும் 'அட்' குறி நிற்கும்; இடையிடையே சரியான ஏ. ஏ-யின் திரைக்குறியீடு 193, 'அட்' குறியினுடையது 192. ஒரு பிட் குறைந்ததை இப்படி எழுத்தாகவே பார்த்துவிடலாம். ஓரிடத்தில் அடித்த எழுத்து சம்பந்தமில்லாத வேறோர் இடத்திலும் எதிரொலித்தால் அது முகவரித் தடத்தின் கோளாறு.

80 நெடுவரிசைத் திரை முழுக்கக் குப்பையாக இருந்து, கீழே சொல்லும் நினைவகச் சோதனைகள் தேறினால், சந்தேகம் மெமரி சிப்பின் மேல் இல்லை. கார்டில் உள்ள 74எல்எஸ்374 என்ற சிப்தான் திரைக்கான தரவைப் பிடித்து வைப்பது, அதைப் பாருங்கள். நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே தரவைக் கடத்துவது 74எல்எஸ்245. அது கெட்டால் எல்லாமே கெடும்.

பேசிக்கிலேயே ஒரு சோதனை

40 நெடுவரிசையில், புதிதாக ஏற்றிய கணினியில் இதைத் தட்டுங்கள்:

10 போக் 49153,0 : போக் 49239,0 : போக் 49237,0
20 போக் 8192,0 : பி = 1
30 ஃபார் கே = 1 டு 13 : போக் 8192 + பி, கே : பி = பி * 2 : நெக்ஸ்ட்
40 ஏ = பீக்(8192) : சி = பீக்(9216)
50 போக் 49236,0 : போக் 49238,0 : போக் 49152,0
60 பிரிண்ட் ஏ, சி

வரி 10-க்குப் பிறகு 8192 முதல் 16383 வரையிலான 8 கிலோபைட், துணைக் கார்டுக்குத் திரும்பிவிடும். வரி 50 அதை மீட்கும். நடுவில் எங்கும் பிரிண்ட் போடாதீர்கள். எழுத்தும் கார்டுக்கே போய்விடும், திரை உறைந்ததுபோல் தெரியும். அப்படி நேர்ந்தால் கண்ட்ரோல்-ரீசெட் அழுத்தினால் திரும்பி வந்துவிடும்.

வர வேண்டிய விடை 0, 11. ஏ சுழியமாக இல்லாமல் 11 என்று வந்தால் 1024-க்கான தடம் வேலை செய்யவில்லை. புரோடாஸ் ஏமாறும் அதே இடம் அது. 1 கிலோபைட் கார்டில் 8192, 9216, 10240, 12288 எல்லாம் ஒரே இடம் என்பதால் இரண்டு எண்ணுமே 13 என்று வரும். ஏ வேறு எண்ணானால் அந்த எண்ணில் ஒன்றைக் கழித்து, இரண்டை அத்தனை முறை பெருக்கிக்கொள்ளுங்கள்: 5 வந்தால் 16-க்கான தடம். 4164 சிப்பில் எட்டுத் தடத்திலேயே பதினாறு முகவரி பிட்டும் இரண்டு தவணையாகப் போவதால், ஒரு தொடுமுனை கெட்டால் இரண்டு முகவரி பிட் சேர்ந்து கெடும். ஏ-யில் நிற்பது கடைசியாக எழுதப்பட்டது மட்டுமே. 255 போன்ற எண்ணோ, ஒவ்வொரு முறையும் மாறும் எண்ணோ வந்தால் கார்டு பதிலே சொல்லவில்லை.

முகவரிகள் சரியானால் பிட்டுகளுக்கு வாருங்கள். வரி 20 முதல் 40 வரையும் 60-ஐயும் இப்படி மாற்றுங்கள்:

20 ஃபார் ஐ = 8192 டு 16383 : போக் ஐ,255 : நெக்ஸ்ட்
30 ஃபார் ஐ = 8192 டு 16383 : வி = பீக்(ஐ) : இஃப் வி < 255 தென் என் = என் + 1 : எம் = வி : எல் = ஐ
40 நெக்ஸ்ட்
60 பிரிண்ட் என், எம், எல்

சில நிமிடம் ஆகும், திரையில் எதுவும் அசையாது, காத்திருங்கள். என் சுழியமாக வர வேண்டும். 8192 என்று வந்து எம் 239 ஆனால், 255-இலிருந்து 239 போக 16. பிட்டுகளின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 16 ஐந்தாவது. அதாவது சுழியத்திலிருந்து எண்ணும் வழக்கப்படி டி4 தரவுத் தடம், அதற்கென ஒரே ஒரு சிப். எட்டு சிப்புள்ள கார்டில் ஒவ்வொரு சிப்பும் ஒரு பிட்டைச் சுமக்கிறது, அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. என் எட்டாயிரம் இல்லாமல் 30, 128 என்று சிறு எண்ணாக வந்தால் சிப்பின் ஒரு பகுதி மட்டும் இறந்திருக்கிறது. தொடுமுனையைத் தேய்த்துப் பயனில்லை, சிப்தான். அடுத்து 255-க்குப் பதில் 0 எழுதி, 'வி > 0' என்று மாற்றி ஓட்டுங்கள்; எப்போதும் 1 தரும் பிட் அதில் மாட்டும். புரோடாஸின் 238-220 சோதனை 1-ஆகவே நிற்கும் நான்கு பிட்டுகளைத் தவறவிடும் என்பதால் இந்த இரண்டாவது ஓட்டத்தைத் தவிர்க்காதீர்கள்.

இது 64-இல் 8 கிலோபைட்டை மட்டும்தான் பார்க்கிறது. மீதிக்கு, எல்லாம் சரியானதும் /ரேமை நிரப்பிப் பார்ப்பதே வழி.

மூடியைத் திறந்தபின்

பின்பக்க சுவிட்சை அணைத்து, மதர்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பார்த்த பின்தான் கார்டைத் தொட வேண்டும். அந்த விளக்கு எரியும்போது கார்டை இழுத்தால் நல்ல சிப்பும் போகும். பவர் சப்ளையின் உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்குப் பொருந்தும், பிஏஎல் தொலைக்காட்சி முறைக்கான மதர்போர்டில் துணை ஸ்லாட், ஸ்லாட் 3-க்கு நேர் முன்னால் இருக்கும். ஸ்லாட் 3-இல் வேறு கார்டு இருந்தால் இரண்டும் இடித்துக்கொண்டு, துணைக் கார்டு ஒரு முனையில் மேலே தூக்கி நிற்கும். பார்வைக்கு உட்கார்ந்ததுபோலவே தெரியும். ஸ்லாட் 3-ஐக் காலியாக வைத்துச் சோதியுங்கள்.

கார்டின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்கப் பூச்சின் ஓரத்தில் பச்சைத் திட்டு, கரப்பான் எச்சம், பல்லி முட்டை ஒட்டியிருந்த வெள்ளை வட்டம், இவையெல்லாம் இங்கே சாதாரணம். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் தொட்டு, தொடுமுனைகள் நீளும் திசையிலேயே துடையுங்கள். பேனா மை அழிக்கும் மணல் ரப்பர் வேண்டாம், தங்கத்தை உரித்துவிடும்; மென்மையான வெள்ளை ரப்பரையும் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டுக்குள் ஆல்கஹாலில் நனைத்த தடித்த அட்டையை இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கார்டைச் செருகி, எடுத்து, மறுபடி செருகுங்கள். பாதிக் கணினிகள் இந்த இடத்திலேயே எழுந்துவிடும் என்பது எங்கள் அனுபவம்.

சிப்புகளின் கால்கள் கறுத்திருந்தால் அது வெள்ளிப் பூச்சு கந்தகத்தில் கறுத்தது. செம்பனை ஆலையின் கழிவுக் குட்டைகளிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. குட்டை நாற்றம் வீட்டுக்குள் வரும் இடத்தில் வெள்ளி கறுக்காமல் இராது. சாக்கெட்டில் உள்ள சிப்பை இரு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்து, கால்களை ஆல்கஹாலில் துடைத்து, பள்ளம் இருக்கும் முனையின் திசை மாறாமல் திரும்பப் பொருத்துங்கள். சூடாகி ஆறி ஆறி, சாக்கெட்டை விட்டு மேலே ஏறிய சிப் விரலால் அழுத்தினாலே 'க்ளிக்' என்று இறங்கும்.

அசல் விரிவுக் கார்டில் இரண்டு ஊசிகளில் மாட்டும் ஜம்பர் ஒன்று உண்டு. அது இரட்டை உயர்தெளிவுப் படத்துக்கானது, நினைவகத்துக்கானது அல்ல. ஆனால் மதர்போர்டின் எண் 820-0064-ஏ என்று முடிந்தால், அதாவது முதல் பதிப்பானால், ஜம்பரோடு கணினி ஓடவே ஓடாது. சோதனை முடியும்வரை அதைக் கழற்றியே வைத்திருங்கள்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, ஏதாவது ஒரு 4164 சிப்பின் 8-ஆம் காலுக்கும் 16-ஆம் காலுக்கும் இடையே அளவெடுங்கள். 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். மதர்போர்டு சிப்பில் 5.0 இருந்து கார்டுச் சிப்பில் 4.6 என்றால் பவர் சப்ளையைக் குறை சொல்லாதீர்கள். ஸ்லாட் தொடுமுனையில்தான் வோல்ட் விழுகிறது. பழைய பவர் சப்ளைக்குள் இருக்கும், ஒளி ஊடுருவும் பழுப்பு உறை போட்ட மின்தேக்கி நம் 230-240 வோல்ட்டில் வெடித்துப் புகை கக்கும். உறையில் கீறல் தெரிந்தால் 275 வோல்ட் எக்ஸ்2 வகையில் அதே மைக்ரோஃபாரட் மதிப்புள்ளதை மாற்றிய பிறகே கணினியை ஏற்றுங்கள். பவர் சப்ளையைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே சரி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

சிப்பை மாற்றுவது

டி4 என்று கணக்கு சொல்கிறது. எட்டில் எது டி4? 4164-இன் 14-ஆம் கால் தரவு வெளியே வரும் கால். கணினி அணைந்திருக்க, கார்டைக் கையில் எடுத்து, மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு சிப்பின் 14-ஆம் காலையும் 74எல்எஸ்245-இன் கால்களோடு தொட்டு வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். சிப் சாக்கெட்டில் இருந்தால் இதைவிட எளிய வழி உண்டு: சந்தேகச் சிப்பைப் பக்கத்துச் சிப்போடு இடம் மாற்றிச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். 239 மாறி 247 அல்லது 223 ஆனால் கோளாறு சிப்போடு நகர்ந்துவிட்டது. எண் மாறாவிட்டால் சாக்கெட்டையோ 245-ஐயோ பாருங்கள்.

சிப் ஈயத்தில் பற்றவைத்திருந்தால், நல்ல 4164 ஒன்றை அதன் முதுகில் கால்கள் அழுந்தும்படி ஏற்றிவைத்துச் சோதிக்கலாம். செத்து மௌனமான சிப்புக்கு இது வேலை செய்யும்; உள்ளே குறுக்கிணைந்து தடத்தைக் கீழே இழுக்கும் சிப்புக்கு வேலை செய்யாது. கழற்றும்போது சிப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், தடத்தைக் காப்பாற்றுங்கள்: கால்களை வெட்டி, ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவி, 16 கால் சாக்கெட் வையுங்கள்.

மாற்றுச் சிப்புக்கு 150 அல்லது 200 நானோநொடி வேகம் தாராளம். பழைய எக்ஸ்டி கணினிகளின் மதர்போர்டுகளில் 4164 வரிசை வரிசையாக இருக்கும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கக் கடைகளிலும் விசாரிக்கலாம். 41256 கிடைத்தால் அதன் 1-ஆம் காலைத் தரையோடு இணைத்துப் பயன்படுத்தலாம். 4116-ஐ மட்டும் செருகிவிடாதீர்கள். அதற்கும் 16 கால்தான், ஆனால் அதற்கு 12 வோல்ட்டும் கழித்தல் 5 வோல்ட்டும் வேண்டும், மின் கால்களின் இடமே வேறு.

64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கார்டு

துணை ஸ்லாட்டில் 256 அல்லது 512 கிலோபைட் கார்டு இருந்தும் 127 பிளாக்தான் காட்டுகிறது என்றால் அது கோளாறில்லை. புரோடாஸுக்குத் தெரிந்தது முதல் 64 கிலோபைட் மட்டும். மீதி 64 கிலோபைட் பகுதிகளுக்கு (இவற்றை வங்கிகள் என்பார்கள்) கார்டோடு வந்த இயக்கி நிரலை ஏற்ற வேண்டும். ராம்வொர்க்ஸ் வகைக் கார்டுகளில் வங்கி எண் 49267-இல் எழுதப்படுகிறது. சாதாரண 64 கிலோபைட் கார்டு அந்த முகவரியைக் கண்டுகொள்ளாது. எந்த வங்கி எண்ணைக் கேட்டாலும் அதே 64 கிலோபைட்டையே காட்டும். ஆகவே வங்கிகளை எண்ணும் நிரல் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு இறங்கி எழுதி, எல்லாம் எழுதி முடித்த பிறகே படிக்க வேண்டும். ஒவ்வொன்றாக எழுதி உடனே படிக்கும் நிரல், இல்லாத வங்கிகளையும் இருப்பதாகச் சொல்லிவிடும்.

/ரேம் திரும்பி வந்தபின், தெரிந்த உள்ளடக்கமுள்ள ஒரு பெரிய கோப்பை வெவ்வேறு பெயரில் 'டிஸ்க் ஃபுல்' வரும்வரை அதில் பதித்து, ஒவ்வொன்றையும் திறந்து அசலோடு ஒப்பிடுங்கள். மூடியைப் பொருத்தி ஒரு மணி நேரம் கணினியை ஓடவிட்டு, அதே கோப்புகளை மறுபடி ஒப்பிடுங்கள். குளிர்ந்த சிப் தேறி, சூடான சிப் தோற்பது உண்டு, அதுவும் தகரக் கூரைக்குக் கீழே மத்தியான நேரத்தில். புரோடாஸை மறுபடி ஏற்றினால் /ரேமில் இருப்பது போய்விடும் என்பதால், ஒப்பிட்டு முடியும்வரை கண்ட்ரோல்-ரீசெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வானம் இருட்டினால் டிஸ்கெட்டுக்கு நகலெடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.